மூணாந்தண்ணி

எப்போதும் எனக்கு ஒரு தூண் முன்னால் ஓடுகிற என் பிரியமான அத்தானுக்கு,

முதலில் சண்டை. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். உங்கள் மேல் நான் ரெண்டு வருஷம் கோபமாக இருந்தேன், அத்தான். சாதாரணக் கோபமில்லை, உங்கள் படத்துக்கு அக்கா விளக்கு வைக்கும்போது நான் வெளியே எழுந்து போய்விடுகிற அளவுக்குக் கோபம். போன மாதம் அது போய்விட்டது. எப்படிப் போனதென்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

இது நம் வாசகசாலைச் சுவரில் ஒட்டுகிற கையெழுத்துப் பத்திரிகையில் வரப்போகிறது. நம் பட்டறை மைதீன் மாமாதான் எழுதச் சொன்னார். "தெனமும் காலைல அந்தக் கொழாய்கிட்ட நின்னு ஒங்க அத்தான்கிட்ட மொணங்குதியே, அத ஒரு தாள்ல எழுதிக் குடுல. நாலு பேரு படிக்கட்டும்" என்றார். நாலு பேர் டீ கிளாசும் கையுமாக நின்று படிப்பார்கள். படிக்கட்டுமே. உங்களுக்கும் ஆள் கூடினால்தானே பேச்சு களைகட்டும்.

அந்த நாலு பேரில் உங்களைத் தெரியாத புது ஆளும் இருப்பான். அவனுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் பேச்சியக்காவின் புருஷன். தாராவியில் தோல் பதனிடும் தொட்டியில் வேலை. சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாடையோடுதான் வீட்டுக்கு வருவீர்கள், வந்ததும் மகள் கோமதியைத் தூக்குவீர்கள், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். உங்களுக்கு ஒரே ஆசை, பம்பாவாலா ஆகவேண்டும். பம்பாயில் தீயணைக்கிற ஆளுக்கு அதுதான் பெயர். சிவப்பு வண்டி, பித்தளைத் தொப்பி, மணிச்சத்தம்.

தொப்பிக்காக ஆசைப்பட்டதாகத்தான் எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்கும் அக்காவுக்கும்தான் விஷயம் தெரியும். "ஏளா பேச்சி, அந்த வேலைக்குக் குவார்ட்டர்ஸ் உண்டும். வீட்டுக்குள்ளயே கொழாய். நெனச்ச நேரம் திருகுனா தண்ணி. நீ எவகூடயும் கொடத்த இடிச்சுக்கிட்டு நிக்காண்டாம்" என்று நீங்கள் சொல்லும்போது அக்கா முகம் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். நம் வாசலுக்கு எதிரே ஊருக்கே தண்ணீர் கொண்டுபோகிற ராட்சசக் குழாய் ஓடுகிறது. அதிலிருந்து நமக்கு ஒரு சொட்டுக் கிடையாது. நாம் விடியும் முன்னே தெருமுனைக் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டும்.

வேலைக்கு ஓட்டப் பரீட்சை உண்டு. குறித்த நேரத்துக்குள் ஒரு மைல். உங்களுக்கோ வயசு வரம்பு முடியப்போகிறது. முதல் நாள் ரெண்டு பேரும் வெறி பிடித்தமாதிரி ஓடி, சயான் போய்ச் சேருவதற்குள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்று சாயங்காலம் நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். பெரிய குழாயைத் தாங்கி நிற்கிறதே வரிசையாகக் குட்டைத் தூண்கள், அதுதான் நமக்குக் கணக்கு. ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை ஓட்டம், அதற்கடுத்த தூண்வரை நடை. உடம்பு பழகப் பழக ஓட்டத்தில் ஒரு தூண் கூடும். மைதீன் மாமா பட்டறையில் தோலில் கோடு போடுகிற சாக்கட்டியை வாங்கிவந்து, முதல் தூணில் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தீர்கள். ஓடத் தெரியாத ரெண்டு பேர் ஓடப் பழகிய கதை அவ்வளவுதான். எனக்கு அப்போது பரீட்சையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. உங்களுக்குத் துணைக்கு ஓடினேன்.

ட்ராம் நின்றுபோன வருஷம் உங்களுக்கு அம்மை போட்டது.

நம் வீடுகளில் அம்மைக்கு என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை, தாளிக்காத குழம்பு, வீட்டுக்கு வெளி ஆள் வரக்கூடாது. முத்தெல்லாம் வாடியதும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவோம். நாள் விட்டு நாள் மூன்று தடவை. மூணாந்தண்ணி ஊற்றிவிட்டால் அம்மா இறங்கிவிட்டாள். அதுவரை வாசற்படி தாண்டக்கூடாது, அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அக்கா உங்களுக்கு மூணாந்தண்ணி ஊற்றிய அன்று, தலை துவட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "மூணு தண்ணியும் ஊத்தியாச்சு. இனி நான் புது ஆளு." மறுநாள் காலையிலேயே குழாய்ப் பக்கம் வந்துவிட்டீர்கள். முதல் தூணுக்குத் திரும்பவில்லை. படுக்கையில் விழுவதற்கு முன் எங்கே விட்டீர்களோ அந்தத் தூணைக் குறிவைத்தீர்கள். பரீட்சை நெருங்கிவிட்டதே! எங்களில் யாரும் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவேண்டும்? மூணாந்தண்ணி ஊற்றிய ஆளை இந்தத் தெருவில் எவன் நோயாளி என்று சொல்வான்?

நான் வழக்கம்போல ஒரு தூண் பின்னால். நீங்கள் ஓடிக்கொண்டே இடது விலாவை அமுக்கிப் பிடித்தீர்கள். "என்னா அத்தான்?" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஒண்ணுமில்லல, சும்மா புடிப்பு." மூலை உடைந்த தூண் ஒன்று இருக்கிறதே, அதன் பக்கத்தில் விழுந்தீர்கள். நான் வந்து உங்களைப் புரட்டும்போது எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தோல் சுத்தமானாலும் அந்த நோய் சில பேருக்கு இதயத்தைப் பிடித்துவிடுமாம். அப்படிப்பட்டவர்கள் மாதக்கணக்கில் ஓய்வெடுக்கவேண்டுமாம், ஓடவே கூடாதாம். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கோபம் அன்று ஆரம்பித்ததுதான். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். விலாவைப் பிடித்தீர்களே, தெரியாமலா பிடித்தீர்கள்? வலியை மறைத்து, என்னிடம் பொய் சொல்லி, வேலைக்காக உயிரை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஒரு குழாய்க்காக அக்காவை இப்படி உட்காரவைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். பித்தளைத் தொப்பியைக் கண்டாலே எனக்கு எரியும்.

அப்புறம் ஏன் நானே அந்தப் பரீட்சைக்கு மனுப்போட்டேன்? கேளுங்கள், கேட்பீர்கள் என்று தெரியும். அக்கா ஒருநாள் தண்ணி வரிசையில் ஒருத்தியிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தாள். நெற்றியில் குடத்தின் விளிம்பு பட்டு ரத்தம். காயத்தைக் கழுவக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை. மறுநாள் நான் பெரிய குழாய்ப் பக்கம் போனேன். மழையில் சாக்கட்டிக் கோடெல்லாம் அழிந்திருந்தது. பிள்ளையார் சுழியை நானே போட்டுக்கொண்டு ஒரு தூண் ஓட்டம், ஒரு தூண் நடை என்று ஆரம்பித்தேன். அக்காவுக்குத் தெரியும். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது சோற்றுக்கஞ்சி மட்டும் வாசலில் மூடிவைத்திருக்கும்.

இந்த வருஷம் எனக்கு வயசு வரம்பு. உங்களை மாதிரியேதான், கடைசி வாய்ப்பு. ஓட்டமும் நன்றாக வந்துவிட்டது, மூலை உடைந்த தூணுக்குக் கொஞ்சம் முன்னால்வரை நிற்காமல் ஓடுவேன். அந்தத் தூணைத் தாண்ட மட்டும் கால் வரவில்லை, அங்கே வந்ததும் திரும்பிவிடுவேன். பரீட்சைக்கு ரெண்டரை மாதம் இருக்கும்போது கோமதிக்கு அம்மை போட்டது. அவள் மூணாந்தண்ணி ஊற்றிய மறுநாளே விளையாடப் போய்விட்டாள். அடுத்தது நான்.

படுத்திருந்தபோது எனக்கு என்ன பயமென்று நினைக்கிறீர்கள்? சாவு பயமில்லை, அத்தான். தேதி பயம். ஓலைப்பாயில் கிடந்து, கூரைத் தகரத்தைப் பார்த்தபடி நாளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். முத்து வாடியது. அக்கா முதல் தண்ணி ஊற்றினாள். ரெண்டாம் தண்ணி ஊற்றினாள். மூணாந்தண்ணி மட்டும் வரவில்லை.

"இன்னைக்கு ஊத்தலாமாக்கா?"

"இன்னைக்கு அமாவாசல்லா. இன்னைக்குப் போயி ஊத்துவாவளா?"

அமாவாசை போனது. மறுநாள் குழாயில் தண்ணி வரவில்லை என்றாள். அப்புறம் செவ்வாய்க்கிழமைதான் ஆகும் என்றாள். செவ்வாய்க்கிழமை என்னைத் திருப்பி உட்காரவைத்து, முதுகை விரலால் தடவிப் பார்த்து, "ஏல, முதுவுல இன்னும் முத்து நிக்கி. அம்மா போவ மனசில்லாம இருக்கா" என்றாள். என் முதுகு எனக்குத் தெரியுமா? நம்பினேன். வாசற்படிக்கு உள்ளேயே நாலு எட்டு நடந்து நடந்து திரும்பினேன். காலை நேரம் பெரிய குழாய் மேல் ஆட்கள் வேலைக்கு நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தேதி நம்மேல் ஏறி வருகிறது, நாம் வேப்பிலைக்குள் கிடக்கிறோம்.

அக்காவிடம் கத்தினேன். அவள் அரிசி புடைத்தாள். நான் கத்தக் கத்த முறம் வேகமாகப் போகும்.

மைதீன் மாமாவுக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து போனதால் அவர் மட்டும் வீட்டுக்குள் வருவார். ஒருநாள் அக்கா தண்ணிக்குப் போயிருந்தபோது வந்தார். அவர் பட்டறையில்தான் நான் பை தைக்கிறேன், ஆள் இல்லாமல் அவருக்கு வேலை தேங்கிக் கிடக்கிறது. "எப்பதாம்ல எந்திரிப்ப?" என்றார். முதுகில் முத்து நிற்கிறது என்றேன். "திரும்பு பாப்பம்." திரும்பினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எங்கல இருக்கு? கழுவிவச்ச சிலேட்டு மாதிரில்லா இருக்கு ஒம் முதுவு. தழும்புகூட மங்கிப்போச்சு."

கையைப் பின்னால் விட்டு நானே முதுகைத் தடவிப் பார்த்தேன்.

அக்கா குடத்தோடு உள்ளே வந்தாள். மாமா முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. குடத்தை மெதுவாக இறக்கிவைத்தாள். மாமா, "நான் பொறவு வாரேம்மா" என்று நழுவப் பார்த்தார். "இரிங்க மாமா. நீங்களும் கேட்டுட்டுப் போங்க" என்றாள்.

"ஏன்க்கா பொய் சொன்ன?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆமா. பொய்தான் சொன்னேன். இன்னும் சொல்லுவேன். அந்தத் தேதி தாண்டுத மட்டும் சொல்லுவேன்."

"என் வேலக்கா. நமக்கு வீடுக்கா."

"வீடு! அவியளுக்கு மூணாந்தண்ணி ஊத்துனது யாருல? நான். இந்தக் கையால தலைக்கு ஊத்தி, துண்டு எடுத்துக் குடுத்து, போயிட்டு வாங்கன்னு சொன்னேன். அன்னைக்கு நான் ஊத்தாம இருந்திருந்தா அவிய வாசப்படி தாண்டியிருப்பாவளா? சொல்லு. தாண்டியிருப்பாவளா? தெய்வக் குத்தம்னாலும் பரவால்ல. நான் ஒனக்கு ஊத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அழவில்லை. நீங்கள் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை, அத்தான். மைதீன் மாமா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ரெண்டு வருஷமாக அந்தக் கையை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்? ஒரே வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கு ஏன் தெரியவில்லை?

நான் நினைத்தால் அன்றே படி தாண்டியிருக்கலாம். முத்து இல்லை, கால் இருக்கிறது. தாண்டவில்லை. பயந்தேன் என்றே சொல்கிறேன். அம்மாவுக்குப் பயந்தேனா அக்காவுக்குப் பயந்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு நாள் அப்படியே போனது. கோமதி எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தட்டில் சோற்றை அளைந்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கண் விழிக்கும்போது மைதீன் மாமா பட்டறைக் கூரைத் தகரத்தின் மேல், வெயில் படுகிற இடத்தில், நம் பெரிய தவலை இருந்தது. வேப்பிலை மிதக்கிறது. அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், காக்காய் விரட்டுகிற மாதிரி.

உச்சி வெயிலில் ஊற்றினாள். ஒவ்வொரு செம்புக்கும் ஒரு பேச்சு. "டாக்டர்ட்ட போவணும். நானும் வருவேன்." ஒரு செம்பு. "அவரு சொல்லுத அன்னைக்குத்தான் ஓடணும்." ஒரு செம்பு. "மொதத் தூண்ல இருந்துதான் ஓடணும். விட்ட எடத்துல இருந்துன்னு சொன்ன, காலை ஒடிச்சுருவேன்." கடைசிச் செம்பை ஊற்றாமல் கையிலேயே வைத்திருந்தாள். "நெஞ்சுல என்ன பட்டாலும் நிக்கணும். நிப்பியா? சத்தியமா நிப்பியா?" நிற்பேன் என்ற பிறகுதான் ஊற்றினாள். மஞ்சள் தண்ணி கண்ணில் எரிந்தது. எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று.

மாட்டுங்காவில் ஒரு டாக்டர், நம் ஊர்ப் பேச்சு புரிகிறவர். நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். உங்கள் கதையை அக்கா சொல்ல, மறுபடியும் குழலை வைத்துக் கேட்டார். ரெண்டு வாரம் சும்மா இரு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பி, நெஞ்சில் பிடித்தால் நின்றுவிடு என்றார். பரீட்சை தேதியைச் சொன்னேன். "அதை நான் கேக்கலியே" என்றார்.

அத்தான், திரும்ப முதல் தூணில் போய் நிற்பது இருக்கிறதே, அதைவிடக் கேவலம் கிடையாது. ஓடவே தெரியாதபோது அந்தத் தூணில் நின்றேன், அப்போது வெட்கம் இல்லை. இப்போது உடம்புக்குத் தூரம் ஞாபகம் இருக்கிறது, பலம்தான் இல்லை. ஒரு தூண் ஓடினதும் தொடை வெடவெட என்று ஆடுகிறது. தெருப் பயல்கள் "என்னண்ணே, பம்பாவாலா வண்டி பஞ்சரா?" என்று கேட்டார்கள். வேலைக்குப் போகிற மராட்டிக் கிழவர் ஒருத்தர் என்னை நடந்தே தாண்டிப் போனார், சத்தியமாக நடந்தே.

அக்கா தினமும் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோமதியை மடியில் வைத்துக்கொண்டு, குழாய் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நான் திரும்பி வந்ததும் என் நெஞ்சில் உள்ளங்கையை வைப்பாள். துடிப்பு அடங்கும்வரை எடுக்கமாட்டாள். போகிற வருகிற ஆட்கள் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். "போதும்க்கா" என்பேன். "சும்மா நில்லு" என்பாள்.

தூண் கூடியது. தேதி அதைவிட வேகமாக வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எந்தப் பக்கம் போட்டாலும் உதைத்தது. இப்படி ஒரு தூண் ஒரு தூணாகக் கூட்டினால் பரீட்சை நாளுக்குள் ஒரு மைல் முழுசாக வராது. ஒரே நாளில் நாலு தூணைக் கூட்டினால் வரும். நீங்கள் செய்தது அதுதானே? அந்தக் காலைகளில் எனக்கு நீங்கள் நன்றாகப் புரிந்தீர்கள், அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. கூட்டட்டுமா என்று அக்காவிடம் கேட்கக்கூட இல்லை. குழாய் மேல் உட்கார்ந்திருக்கிறவளைத் தூரத்திலிருந்து பார்ப்பேன், நடைக்கு மாறிவிடுவேன்.

பரீட்சை அன்று பரேல் பக்கம் ஒரு மைதானம். வேலிக்கு வெளியே அம்மாக்கள், அண்ணன்மார், சிநேகிதர்கள் என்று ஒரே கூட்டம். அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் மைதீன் மாமா. அம்மைக்கு அப்புறம் நான் ஒரு மைல் நிற்காமல் ஓடியதே இல்லை. விசில் ஊதினார்கள்.

முதல் சுற்றில் கடைசியில்தான் ஓடினேன், வேண்டுமென்றே. அடுத்த சுற்றில் ரெண்டு மூன்று பேர் என் பின்னால் விழுந்தார்கள். மூச்சு நன்றாக இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசிச் சுற்று. கையில் கடிகாரத்தோடு நின்ற ஆள் கத்தினார். "ஏ மதராசி! சல், சல்! டைம் ஹை, பாக்!" நேரம் இருக்கிறதாம், ஓடச் சொல்கிறார்! அத்தான், நேரம் இருந்தது!

அப்போதுதான் இடது விலாவில் பிடித்தது.

கை தானாக அங்கே போயிற்று. உங்கள் கை போன அதே இடம். காதுக்குள் உங்கள் குரல் கேட்டது. "ஒண்ணுமில்லல, சும்மா புடிப்பு." எனக்கும் அப்படித்தான் பட்டது. சும்மா பிடிப்புத்தான், பல்லைக் கடித்தால் போய்விடும். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுக்குள் குழாய். திருகினால் தண்ணீர். இன்னும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நான் எவ்வளவு யோசித்தேன் தெரியுமா? வேலியைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலாவில் இருந்த கையை.

நின்றேன்.

பின்னால் விட்டுவந்தவர்களெல்லாம் தாண்டிப் போனார்கள். "க்யா ஹுவா? பாக் நா, சாலா!" என்று கடிகாரக்காரர் கத்தினார். என்ன ஆச்சென்று கேட்கிறார். நான் நடந்தேன். முடிவுக் கோட்டை நடந்தே தாண்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், அடுத்த கூட்டத்தை வரிசையில் நிற்கச் சொன்னார்.

அக்கா வேலியைச் சுற்றி ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. இத்தனை ஆட்களுக்கு நடுவே என் நெஞ்சில் கையை வைத்தாள். "அடிக்குல. நல்லா அடிக்கு" என்றாள், அவ்வளவுதான், அழுதாள். ரெண்டு வருஷத்து அழுகை. மைதீன் மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கூட்டத்தை மறைத்தார்.

நேராக மாட்டுங்கா டாக்டரிடம். அவர் குழலை வைத்தார், விலாவை அமுக்கினார், படுக்கவைத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "இதயம் கல்லு மாதிரி இருக்கு. ஓடும்போது வர்ற வெறும் பிடிப்பு, நாளைக்கு இருக்காது."

வெறும் பிடிப்பு! வெளியே வந்து மரத்தடியில் நின்று நான் கத்தின கத்தலில் பூக்காரி எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். வெறும் பிடிப்புக்காக வேலையை விட்டேன். வீட்டை விட்டேன். இனி வயசும் போயிற்று. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டாக்டரைத் திட்டினேன், அம்மையைத் திட்டினேன், அக்காவையும் திட்டினேன். அவள் முழுசும் கேட்டாள். கேட்டு முடித்து மெதுவாகச் சொன்னாள்.

"அவியளும் புடிப்புன்னுதானல சொன்னாவ?"



என்னுடையது பிடிப்பு. உங்களுடையது பிடிப்பில்லை. ஆனால் ஓடும்போது உள்ளே ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும், இல்லையா அத்தான்? நீங்கள் மறைக்கவில்லை. பொய் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்களே, அது எனக்காகப் போட்ட சிரிப்பில்லை. சும்மா பிடிப்பு என்று நீங்கள் நம்பியே சொன்னீர்கள். மூணாந்தண்ணியை எல்லோரும் நம்பின மாதிரி, நீங்களும் உங்கள் நெஞ்சை நம்பினீர்கள். ரெண்டு வருஷம் உங்களைப் பொய்யர் என்று நினைத்து, விளக்கு வைக்கும்போது எழுந்து போனேன். பிடிப்பு வந்த அன்றுதான் என் கோபம் இறங்கியது. இப்போது அக்கா விளக்கு வைத்தால் நானும் உட்காருகிறேன்.

இனி நலம் விசாரிப்பு. கோமதி பள்ளிக்கூடம் போகிறாள், தமிழ் எழுத்தை விட மராட்டி எழுத்தை வேகமாகப் போடுகிறாள். மைதீன் மாமா பட்டறையில் எனக்கு வேலை கூடியிருக்கிறது. தண்ணி வரிசைக்கு அக்காவை அனுப்புவதில்லை, குடத்தை நானே எடுத்துக்கொண்டு போகிறேன். பெண்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது எனக்கும் ஒரு இடம் விடுகிறார்கள். வீட்டுக்குள் குழாய் வரவில்லை. அது மட்டும் வலிக்கிறது, மறைக்க மாட்டேன்.

பரீட்சை இல்லாமல் எதற்கு ஓடுகிறாய் என்று தெருவில் கேட்கிறார்கள். எனக்கும் சரியாகப் பதில் தெரியவில்லை. காலையில் கால் தானாக முதல் தூணுக்குப் போகிறது. நேற்று மூலை உடைந்த தூண்வரை வந்தேன். இத்தனை நாள் அங்கே வந்து திரும்பிவிடுகிறவன். நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது, மூச்சும் மிச்சம் இருந்தது. ஓட்டத்தை நிறுத்தினேன். நடந்தேன். தூணைக் கையால் தொட்டேன், வெயில் ஏறாமல் ஈரமாக இருந்தது. நடந்தபடியே தாண்டினேன். அந்தப் பக்கமும் இதே குழாய்தான், இதே தூண்கள்தான்.

இது வாக்கு, அத்தான். ஓடுவதை விடமாட்டேன். சும்மா பிடிப்பு என்று நூறு டாக்டர் சொன்னாலும், எனக்கே நிச்சயமாகத் தெரிந்தாலும், கை விலாவுக்குப் போனால் நிற்பேன். எவன் கடிகாரத்தோடு நின்று கத்தினாலும் நிற்பேன். உங்கள் தூணை எந்நாளும் நடந்துதான் தாண்டுவேன். தாண்டிவிட்டு, குழாய் மேல் உட்கார்ந்திருக்கிறவளிடம் நெஞ்சைக் காட்டத் திரும்பி வருவேன்.

உங்கள் தூணுக்கு அந்தப் பக்கம் போய், வீடு திரும்பியிருக்கிற
உங்கள் மச்சினன்,
முத்துக்குட்டி